ஜாவா செயலிக்கு எந்த டேட்டாபேஸ் டிரைவர்?

ஜாவா படித்து முடித்து முதல் உருப்படியான செயலியை எழுத உட்காரும்போது பலரும் முட்டிக்கொள்ளும் இடம் டேட்டாபேஸ் இணைப்பு. நிரல் சரியாக இருக்கும், டேபிளும் தயாராக இருக்கும், ஆனால் ஓட்டிப் பார்த்தால் ‘நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட்’ என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு ஜார் கோப்பைக் (ஜாவா வகுப்புகளைச் சேர்த்துக் கட்டிய கோப்பு) காட்டுவார்கள். அவற்றில் பாதி பத்து வருடப் பழையவை. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைசி வருட புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான்: “எந்த டிரைவர் போடணும், அண்ணா?”

என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. எந்த டேட்டாபேஸ் என்று நீங்கள் முடிவு செய்த அன்றே டிரைவரும் முடிவாகிவிடுகிறது. உங்கள் கையில் மிச்சம் இருப்பவை அந்த டிரைவரின் பதிப்பும் அதன் அமைப்புகளும். செயலி பிற்பாடு தடுக்கி விழுவதும் இந்த இரண்டில்தான். அதனால் டிரைவர் பெயர்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டு, இவற்றில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

டிரைவர் என்றால் என்ன?

ஒவ்வொரு டேட்டாபேஸ் சர்வரும் தனக்கென்று ஒரு பேச்சுமுறை வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 5432 என்ற போர்ட்டில் காத்திருக்கும், மைஎஸ்க்யூஎல் 3306இல், ஆரக்கிள் 1521இல், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 1433இல். போர்ட் எண் மட்டும் இல்லை, கடவுச்சொல்லை எப்படி அனுப்புவது, கேள்வியை (குவெரியை) எப்படிப் பொட்டலம் கட்டுவது, பதில் வரிசைகளை எப்படிப் பிரித்தெடுப்பது என்று எல்லாமே ஒவ்வொன்றிலும் வேறு வேறு.

ஜாவாவுக்கு இதில் எதுவும் தெரியாது. 1997இல் ஜாவா 1.1 உடன் வந்த ஜேடிபிசி என்பது வெறும் ஒப்பந்தம். ‘கனெக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அதில் இந்த இந்த வேலைகளைச் செய்யலாம். ரிசல்ட்செட் என்று ஒன்று இருக்கும், அதில் வரிசை வரிசையாக நகரலாம்’ என்று இடைமுகங்களை மட்டும் அது வரையறுக்கிறது. அந்த இடைமுகங்களுக்கு உயிர் கொடுக்கும் நிரல் ஜாவாவுடன் வராது, வெளியிலிருந்து வரும். அதுதான் டிரைவர்.

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்து பார்த்த வேலையைத்தான் டிரைவரும் பார்க்கிறது. இரு தரப்பின் பேச்சும் வழக்கமும் நடுவில் இருப்பவருக்குத் தெரியும். அவர் இருப்பதால் ஒரு தரப்பு மற்றதன் மொழியைக் கற்க வேண்டியதில்லை. உங்கள் நிரல் ஜேடிபிசி மொழியில் பேசினால் போதும், சர்வரின் மொழியில் அதைச் சொல்வது டிரைவரின் பொறுப்பு.

இதிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் நிரலில் டிரைவரின் சொந்த வகுப்புகளை இறக்குமதி செய்யாதீர்கள், ஜாவாவின் எஸ்க்யூஎல் தொகுப்பில் உள்ள இடைமுகங்களை மட்டும் பயன்படுத்துங்கள். வேண்டிய ஜார்களை இறக்கிச் செயலியைக் கட்டித் தரும் மேவன் என்ற கருவியைப் பயன்படுத்தினால், டிரைவரை ‘ரன்டைம்’ (ஓடும்போது மட்டும்) என்ற ஸ்கோப்பில் போடுங்கள். அப்போது தவறிப்போய் டிரைவரின் வகுப்பைத் தொட்டால் கம்பைல் ஆகும்போதே தடுக்கும்.

முகவரியைப் பார்த்துத்தான் ஆள் தேடுகிறது

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுக்கும் ஒருவருக்குக் கணக்கு எழுதும் சிறு செயலி. படகின் பெயர், மீன், எடை, கிலோ விலை, யார் எடுத்தார்கள், எப்போது. ஐந்தாறு டேபிள்தான், ஆனால் கீழே வரப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் இதுவே போதும்.

செயலி இணைப்பு கேட்கும்போது ஒரு முகவரியைக் கொடுக்கிறது. அது ‘ஜேடிபிசி’ என்று தொடங்கி, முக்காற்புள்ளிக்குப் பிறகு டேட்டாபேஸ் வகையின் பெயர், பிறகு சர்வர், போர்ட், டேட்டாபேஸ் பெயர் என்று போகும். டிரைவர்மேனேஜர் என்ற வகுப்பு, தன்னிடம் பதிவான ஒவ்வொரு டிரைவரிடமும் இந்த முகவரியைக் காட்டி ‘இது உன்னுடையதா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று சொல்லும் டிரைவர் இணைப்பைத் திறக்கும். யாருமே சொல்லவில்லை என்றால்தான் அந்தச் சிவப்பு வரி வருகிறது.

ஆக, அந்தப் பிழை வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் மிகக் கொஞ்சம். ஒன்று, டிரைவரின் ஜார் கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) இல்லை. அல்லது முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று முழுதாக எழுத வேண்டிய இடத்தில் போஸ்ட்கிரெஸ் என்று நிறுத்தினால்கூட டிரைவர் கண்டுகொள்ளாது.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதுதான் ஆளைச் சுற்றவிடும். உங்கள் கணினியில் நன்றாக ஓடும் செயலியை எல்லா ஜார்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய ஜாராகக் கட்டி சர்வரில் போட்டதும் டிரைவர் இல்லை என்று சொல்லும். 2006 இறுதியில் ஜாவா 6 உடன் வந்த ஜேடிபிசி 4.0 முதல் டிரைவர்கள் தாமாகவே பதிவாகின்றன. ஒவ்வொரு டிரைவர் ஜாரின் உள்ளேயும் ‘மெட்டா-இன்ஃப்’ அடைவின் கீழ் ‘சர்வீசஸ்’ என்ற இடத்தில் ஒரு சிறு உரைக் கோப்பு இருக்கும், அதில் டிரைவர் வகுப்பின் பெயர் எழுதியிருக்கும். இரண்டு டிரைவர்களை ஒரே ஜாரில் கொட்டும்போது, ஒரே பெயருள்ள இந்த இரண்டு கோப்புகளில் ஒன்று மற்றதை அழித்துவிடும். டிரைவர் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அதன் பெயர் பட்டியலில் இல்லை. மேவனின் ஷேட் பிளகினில் அந்தக் கோப்புகளை ஒட்டவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்தால் தீர்ந்தது.

இதே காரணத்தால், டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்ற பழைய பாடங்களில் வரும் ‘கிளாஸ்.ஃபார்நேம்’ வரி இப்போது பெரும்பாலும் தேவையில்லை. இருந்தாலும் தவறில்லை.

நான்கு வகைகள்: தேர்வுக்கு வேண்டும், வேலைக்கு ஒன்று போதும்

பாடத்தில் டிரைவர்களை டைப் 1 முதல் டைப் 4 வரை பிரித்திருப்பார்கள். டைப் 1 என்பது ஓடிபிசி என்ற பழைய பொது இடைமுகத்தின் வழியே டேட்டாபேஸுக்குப் போகும் பாலம். அது ஜாவா 8லேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் இன்றும் லேப் ரெக்கார்டுகளில் அதைப் பார்க்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பை ஜாவாவில் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் யூகேன்ஆக்சஸ் என்ற தூய ஜாவா டிரைவர் இருக்கிறது, அந்தப் பாலத்தைத் தேடி அலைய வேண்டாம். டைப் 2 என்பது டேட்டாபேஸ் நிறுவனத்தின் சி நூலகத்தை அழைப்பது, டைப் 3 என்பது நடுவில் இன்னொரு சர்வரை வைப்பது. டைப் 4 முழுக்க முழுக்க ஜாவாவில் எழுதப்பட்டு நேரடியாக சர்வரிடம் பேசும். ஒரு ஜாரைப் போட்டால் போதும், கணினியில் வேறு எதையும் நிறுவ வேண்டாம். இன்று நீங்கள் எடுக்கப்போவது கிட்டத்தட்ட எப்போதும் டைப் 4தான்.

விதிவிலக்குகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஆரக்கிளில் ‘தின்’ என்ற டைப் 4 டிரைவரோடு ‘ஓசிஐ’ என்ற டைப் 2 டிரைவரும் உண்டு. ஏற்கனவே ஓசிஐ ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் சேர்ந்தால் தவிர, தின் போதும். எஸ்க்யூலைட்டுக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஸெரியல் டிரைவர் உள்ளே சி நூலகத்தைச் சுமந்து வருகிறது, ஏனென்றால் எஸ்க்யூலைட்டில் பேசுவதற்கு சர்வரே கிடையாது, கோப்பை நேரடியாகத் திறக்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் வேண்டியதை அந்த ஜாரே வைத்திருப்பதால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

உண்மையில் தேர்வு இருக்கும் இடங்கள்

போஸ்ட்கிரெஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம். திட்டத்தின் சொந்த டிரைவர், 42 என்று தொடங்கும் பதிப்பு வரிசை, பிஎஸ்டி உரிமம். முடிந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், மீன் ஏலச் செயலிக்கும் இதுதான் என் தேர்வு.

மைஎஸ்க்யூஎல்லுக்கு இரண்டு இருக்கின்றன. ஆரக்கிள் நிறுவனம் தரும் கனெக்டர்/ஜே ஒன்று, மரியாடிபி தரும் கனெக்டர்/ஜே இன்னொன்று. சர்வர் மைஎஸ்க்யூஎல் என்றால் முதலாவது, மரியாடிபி என்றால் இரண்டாவது. அவரவர் சர்வருக்கு அவரவர் டிரைவரே நல்லது, ஏனென்றால் இரண்டு டேட்டாபேஸ்களும் வருடத்துக்கு வருடம் விலகிக்கொண்டே போகின்றன. மரியாடிபி டிரைவர் 3ஆம் வரிசையிலிருந்து ‘மைஎஸ்க்யூஎல்’ என்று எழுதிய முகவரியை இயல்பாக ஏற்பதில்லை, முகவரியில் ‘மரியாடிபி’ என்றே எழுத வேண்டும். இன்னொரு குழப்பம்: கனெக்டர்/ஜேயின் மேவன் பெயர் 8.0.31 முதல் மாறிவிட்டது. பழைய பெயரையே போட்டுக்கொண்டிருந்தால் புதிய பதிப்புகள் கண்ணில் படாது. வகுப்பின் பெயரிலும் நடுவில் ‘சிஜே’ என்று ஒரு துண்டு சேர்ந்திருக்கிறது.

இங்கே உரிமத்தையும் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டிரைவர் ஜிபிஎல் 2 உரிமத்தில், திறமூல மென்பொருள்களுக்கான ஒரு விலக்குடன் வருகிறது. மரியாடிபியுடையது எல்ஜிபிஎல். கல்லூரி புராஜெக்டுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் மூல நிரலைத் தராமல் விற்கப்போகும் மென்பொருளுக்குள் டிரைவரை வைத்து வாடிக்கையாளருக்குக் கொடுப்பதாக இருந்தால், முதல் நகல் போவதற்கு முன்பே உரிமத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வருக்கு முன்பு ஜேடிடிஎஸ் என்ற வெளியார் டிரைவரைப் பலர் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2016இல் தன் டிரைவரைத் திறமூலமாக்கிய பிறகு அதற்கு அவசியம் இல்லை. மைக்ரோசாஃப்ட் டிரைவரின் 10.2 பதிப்பிலிருந்து இணைப்பை மறைகுறியாக்குவது (என்கிரிப்ட் செய்வது) இயல்பாகிவிட்டது. அதனால் சர்வரில் முறையான சான்றிதழ் இல்லாத இடங்களில் திடீரென்று இணைப்பு மறுக்கப்படும். எந்தச் சான்றிதழையும் நம்பு என்று ஓர் அமைப்பை இணையத்தில் காட்டுவார்கள். உங்கள் மேசைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள், நிஜ சர்வருக்குப் போகும் முகவரியில் தயவுசெய்து வேண்டாம். அதைப் போட்டால் மறைகுறியாக்கம் இருந்தும் எதிரில் இருப்பது யார் என்று தெரியாத நிலைதான்.

அப்புறம், ஹைபர்னேட், ஸ்பிரிங் டேட்டா, ஹிகாரி ஆகியவை டிரைவர்கள் இல்லை. ஹைபர்னேட் எஸ்க்யூஎல்லை உங்களுக்காக எழுதுகிறது, ஹிகாரி திறந்த இணைப்புகளைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. எல்லாமே டிரைவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பிரிங் பூட் பயன்படுத்தினால் டிரைவரின் பதிப்பு எண்ணை அதுவே தேர்ந்துகொள்ளும். காரணம் இல்லாமல் அதை மாற்றாதீர்கள்.

பதிப்பு: மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும்

ஜாவாவின் பதிப்பு, சர்வரின் பதிப்பு, டிரைவரின் பதிப்பு. இவை மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பொதுவான வழி எளிது: புதிய டிரைவர் பழைய சர்வரோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், பழைய டிரைவர் புதிய சர்வரோடு தகராறு செய்யும்.

இதற்கு நல்ல சாட்சி போஸ்ட்கிரெஸ். 2021இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து புதிதாக வைக்கும் கடவுச்சொற்கள் ‘ஸ்கிராம்’ என்ற வலுவான முறையில் சேமிக்கப்படுவது இயல்பானது. 42.2.0க்கு முந்தைய டிரைவர்களுக்கு இந்த முறை தெரியாது. அதனால் ‘ஆத்தன்டிகேஷன் டைப் 10 ஆதரிக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழை வரும். படித்ததும் எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பார்கள், சர்வரின் அனுமதிக் கோப்பைத் திருத்துவார்கள், சிலர் பாதுகாப்பையே பழைய முறைக்கு இறக்கிவிடுவார்கள். செய்ய வேண்டியதெல்லாம் டிரைவரின் எண்ணை மாற்றி மறுபடி கட்டுவதுதான். மைஎஸ்க்யூஎல் 8லும் இதே போல இயல்பான கடவுச்சொல் முறை மாறியது. பழைய டிரைவரால் நுழைய முடியாது. புதிய டிரைவரும் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல்’ அனுமதி இல்லை என்று நிற்கும். அங்கேயும் சரியான வழி மறைகுறியாக்கத்தை இயக்குவதுதான்.

கோப்புப் பெயரில் இருக்கும் எண்களும் ஏமாற்றும். ஓஜேடிபிசி8 என்ற ஆரக்கிள் ஜாரில் 8 என்பது ஜாவா 8, ஆரக்கிளின் பதிப்பு அல்ல. ஓஜேடிபிசி11 என்றால் ஜாவா 11. எஸ்க்யூஎல் சர்வர் ஜாரின் பெயர் முடிவில் வரும் ‘ஜேஆர்இ11’ என்பதும் அப்படித்தான்.

பதிப்பை உயர்த்த இன்னொரு காரணம் பாதுகாப்பு. போஸ்ட்கிரெஸ் டிரைவரில் சிவிஇ-2024-1597 என்ற எண்ணில் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கேள்விகளை ‘சிம்பிள்’ முறையில் அனுப்பச் சொல்லி அமைத்திருந்தால், மதிப்புகளைக் கேள்வியிலிருந்து தனியே கொடுக்கும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் பயன்படுத்தியும் எஸ்க்யூஎல் ஊடுருவல் (உள்ளீட்டின் வழியே எஸ்க்யூஎல் கட்டளையை நுழைப்பது) சாத்தியமானது. 42.7.2இலும் அதே நாளையொட்டி வந்த பழைய வரிசைகளின் திருத்தங்களிலும் அது அடைக்கப்பட்டது. இயல்பான அமைப்பில் இருந்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை. ஆனாலும் ஊடுருவலைத் தடுக்கும் என்று நாம் நம்பியிருக்கும் இடத்திலேயே ஓட்டை வரக்கூடும் என்பதால், டிரைவரை ஒருமுறை போட்டு மறந்துவிடக் கூடாது.

விடியற்காலை ஏலமும் முந்தைய நாள் கணக்கும்

இனி அமைப்புகள். முதலில் நேரம், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் அதிகம் கடிக்கும்.

மைஎஸ்க்யூஎல் டிரைவரின் 8.0 வரிசையின் ஆரம்பப் பதிப்புகளைப் போட்டவர்களுக்கு ‘ஐஎஸ்டி என்ற நேர மண்டலம் புரியவில்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்கிறது’ என்ற பிழை நினைவிருக்கும். டிரைவர் சொன்னது நியாயம். இந்திய நேரம், இஸ்ரேல் நேரம், அயர்லாந்தின் கோடை நேரம் மூன்றுக்குமே சுருக்கம் ஐஎஸ்டிதான். ‘ஏசியா/கொல்கத்தா’ என்று முகவரியில் தெளிவாகச் சொன்னால் போதும். 8.0.23இல் இந்த நடத்தையை மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பிழையாவது சத்தம் போட்டது. சத்தமே போடாத ஒன்றைப் பாருங்கள். துறைமுகத்தில் செவ்வாய் விடியற்காலை 4.15க்கு வஞ்சிரம் ஏலம் போகிறது. செயலி அந்தக் கணத்தை நேர மண்டலத்துடன் கூடிய பத்தியில் (டேபிளின் காலத்தில்), போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதுகிறது. உலகப் பொது நேரத்தில் அது திங்கள் இரவு 10.45. போஸ்ட்கிரெஸ் டிரைவர் இணையும்போதே, தான் ஓடும் ஜாவாவின் நேர மண்டலத்தை சர்வரிடம் சொல்லிவிடும். ஏலக் கூடத்துக் கணினி இந்திய நேரத்தில் இருக்கிறது, அதனால் அங்கே ‘செவ்வாய் மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்டால் சரியாக வரும். அதே கேள்வியை கிளவுடில் உலகப் பொது நேரத்தில் ஓடும் அறிக்கைச் செயலி கேட்டால், காலை ஐந்தரைக்கு முன் நடந்த ஏலமெல்லாம் திங்கள் கணக்கில் போய் உட்காரும். எஸ்க்யூஎல் ஒன்று, டேட்டா ஒன்று, பதில் இரண்டு. ஏலக்காரருக்கும் படகுக்காரருக்கும் நடுவில் சண்டை மூட்ட இது போதும்.

இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். எல்லா ஜாவா செயலிகளையும் ‘ஏசியா/கொல்கத்தா’ நேர மண்டலத்தைத் தெளிவாகக் கொடுத்தே தொடங்குங்கள், கணினி எப்படி இருக்கிறதோ அப்படியே விடாதீர்கள். ஏலத் தேதி என்பதை ஒரு கணத்திலிருந்து கணக்கிடாமல் தனிப் பத்தியாகவே வையுங்கள். ஜேடிபிசி 4.2 முதல் ‘லோக்கல்டேட்’ போன்ற ஜாவா 8இன் புதிய தேதி வகைகளை நேரடியாகக் கொடுக்கலாம், வாங்கலாம். லோக்கல்டேட்டில் மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. அதனால் அதை எந்த டிரைவரும் நகர்த்த முடியாது.

தமிழ் எழுத்து கேள்விக்குறியாகும்போது

படகின் பெயரும் மீனின் பெயரும் தமிழில்தான் இருக்கும். ‘சங்கரா’ என்று எழுதிச் சேமித்துவிட்டுத் திரும்ப எடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். டிரைவரைத் திட்டுவதற்கு முன் பத்தியைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பான எழுத்துத் தொகுப்பு லத்தீன்1, அதில் தமிழ் கிடையாது. 8இல்தான் யூடிஎஃப்8எம்பி4 இயல்பானது. பழைய சர்வரிலிருந்து நகர்த்திய டேபிள்கள் பழைய தொகுப்பையே சுமந்துகொண்டு வந்திருக்கலாம். டேபிள், பத்தி, இணைப்பு மூன்றும் ஒரே தொகுப்பில் இருக்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ் வேண்டுமானால் ‘என்வார்சார்’ பத்தியே பாதுகாப்பான வழி. அங்கே டிரைவரின் குணம் ஒன்றும் உண்டு: அது உரைகளை இயல்பாகவே யூனிகோடாக அனுப்பும். ரசீது எண் போல ஆங்கில எழுத்து மட்டும் உள்ள சாதாரண ‘வார்சார்’ பத்தியில் தேடும்போது, இரு பக்க வகையும் பொருந்தாமல் சர்வர் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் இண்டெக்ஸ் இருந்தும் தேடல் மெதுவாகலாம். ஆரக்கிளில் பத்தியின் நீளம் இயல்பாக பைட் கணக்கு. ‘வஞ்சிரம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள், ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், ஆக 24 பைட். இருபது போதும் என்று அகலம் வைத்தவரின் டேபிளில் வஞ்சிரம் ஏறாது.

வருடக் கணக்கு எடுக்கும்போது

நூறு வரிசை வரை எல்லா டிரைவரும் ஒன்றுதான். பத்து லட்சம் வரிசை கேட்கும்போதுதான் குணம் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் டிரைவர், மைஎஸ்க்யூஎல் டிரைவர் இரண்டும் இயல்பாக முழுப் பதிலையும் நினைவகத்தில் இறக்கிவிட்டுத்தான் முதல் வரிசையை உங்களிடம் தரும். சிறிய கணினியில் நினைவகம் போதாமல் செயலி சாகும். போஸ்ட்கிரெஸ்ஸில் இதைத் தவிர்க்க ஃபெட்ச் சைஸ் (ஒரு தடவையில் எடுக்கும் வரிசைகளின் எண்ணிக்கை) கொடுக்க வேண்டும், கூடவே ஒவ்வொரு கட்டளையையும் உடனே உறுதிசெய்யும் ஆட்டோகமிட்டையும் அணைக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் முதலாவதை டிரைவர் கண்டுகொள்ளாது, எச்சரிக்கையும் தராது. மைஎஸ்க்யூஎல்லில் ‘யூஸ் கர்சர் ஃபெட்ச்’ என்ற அமைப்பை முகவரியில் போட்டு ஃபெட்ச் சைஸ் கொடுக்க வேண்டும்.

ஆரக்கிளின் சிக்கல் நேர்எதிர். அதன் இயல்பான ஃபெட்ச் சைஸ் 10. ஒரு லட்சம் வரிசைக்குப் பத்தாயிரம் முறை போய்வர வேண்டும். சர்வர் வெளியூரில் இருந்து ஒரு போய்வரவுக்கு 30 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் பயணத்துக்கே ஐந்து நிமிடம். ஃபெட்ச் சைஸை 500 ஆக்கினால் அதே வேலைக்கு 200 பயணம், ஆறு வினாடி.

மழைக்காலத்தில் உறைந்து நிற்கும் திரை

நவம்பர், டிசம்பரில் நம் கரையில் நெட் போவதும் வருவதும் சகஜம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மாதிரி நாட்கள் வரும் என்று வைத்துக்கொண்டே இங்கே மென்பொருள் எழுத வேண்டும். ஒழுங்காக மூடப்படும் இணைப்புக்கு இரு பக்கமும் விடை சொல்லிக்கொள்ளும். நடுவில் ரவுட்டர் செத்தால் யாரும் சொல்வதில்லை. கேள்வியை அனுப்பிவிட்டு பதிலுக்காக டிரைவர் காத்திருக்கும், காத்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு நேரம்? சாக்கெட் டைம்அவுட் என்ற அமைப்பு அதைச் சொல்லும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டு டிரைவர்களிலும் அதன் இயல்பான மதிப்பு பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை. நெட் திரும்பி வந்த பிறகும் திரை உறைந்தே கிடப்பதற்கு இது முக்கியமான காரணம். ஒரு மதிப்பைக் கட்டாயம் கொடுங்கள், உங்கள் மிக நீண்ட நியாயமான கேள்விக்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக. கொடுக்கும்போது அலகைப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸ்ஸில் அது வினாடி, மைஎஸ்க்யூஎல்லில் மில்லிவினாடி. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 60 என்று எழுதியதை மைஎஸ்க்யூஎல்லில் அப்படியே ஒட்டினால், 60 மில்லிவினாடிக்குள் பதில் வராத எல்லாக் கேள்விகளும் அறுந்துபோகும்.

டைம்அவுட் வைத்துவிட்டால் அடுத்த கேள்வி எழும். ஏலத்தைப் பதிவு செய்யும் வரி போய்ச் சேர்ந்ததா, சேரும் முன்பே அறுந்ததா? டிரைவருக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. மறுபடி அனுப்பினால் ஒரே கூடை மீன் இரண்டு முறை விற்றதாகிவிடும். அதனால் ரசீது எண்ணைச் செயலியிலேயே உருவாக்கி, அந்தப் பத்தியில் ஒரே எண் இரண்டு முறை வராதபடி யுனிக் கட்டுப்பாடு வையுங்கள். அப்போது தயங்காமல் மறுபடி அனுப்பலாம். ஏற்கனவே ஏறியிருந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும்.

புதிதாக ஜாவா 21இல் தொடங்குபவர்களுக்கு ஒரு வரி: விர்ச்சுவல் த்ரெட் (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்) பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் போஸ்ட்கிரெஸ் டிரைவரில் 42.6.0க்கும், மைஎஸ்க்யூஎல் டிரைவரில் 9.0க்கும் கீழே போகாதீர்கள். பழைய பதிப்புகளின் உள்பூட்டு முறை விர்ச்சுவல் த்ரெட்டை அதைச் சுமக்கும் நிஜ த்ரெட்டோடு கட்டிப்போட்டுவிடும், அப்புறம் அதை இயக்கியதில் பலன் இருக்காது.

பதிப்பை உயர்த்தும் நாளில் என்ன சோதிப்பது? நான் பிள்ளைகளிடம் செய்யச் சொல்வது இது. செயலி தொடங்கும்போதே டேட்டாபேஸ் மெட்டாடேட்டாவிலிருந்து டிரைவரின் பெயரையும் பதிப்பையும் எடுத்து லாகில் ஒரு வரி எழுதட்டும். நீங்கள் போட்டதாக நினைக்கும் ஜாரும் நிஜமாக ஓடும் ஜாரும் வேறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு நிஜ டேட்டாபேஸின் ஒரு நகலில், விடியற்காலை 4.15 மணியிட்ட ஒரு வரிசையை, தமிழில் மீன் பெயரோடு எழுதி, வேறு கணினியிலிருந்து படித்துப் பாருங்கள். தேதியும் எழுத்தும் அப்படியே வர வேண்டும். ஒரு வருட அறிக்கையை எடுத்து நினைவகம் எவ்வளவு ஏறுகிறது என்று கவனியுங்கள். கடைசியாக, அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, நீங்கள் வைத்த வினாடிக்குள் செயலி பிழை சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் முகவரியில் அந்த அமைப்பின் பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபாருங்கள், தெரியாத பெயரை டிரைவர் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டிருக்கலாம்.